‘வதுர’ என்று கேட்டவர்: நினைவு மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நினைவு மலர்க் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

சென்ற வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய அச்சுப்படி கிடைத்தது. 2009இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைக்கும் மே 18க்கு முன் மலர் வெளிவர வேண்டும், பிழை இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிழை இருக்கிறது. அது எழுத்துப்பிழை இல்லை என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

41ஆம் பக்கத்தில் என் ‘மணற்கிணறு’ கவிதை இருக்கிறது. நான் தந்த கவிதையின் கடைசிப் பகுதி இது:

முப்பத்தைந்து வருஷம் தமிழில் தாகித்தவள்
கடைசியாய்க் கேட்டாள்:
வதுர.
மணலுக்கு விளங்கியது.
ஊறிக் கொடுத்தது.

உங்கள் அச்சுப்படியில் முதல் வரி இல்லை. ‘வதுர’ என்ற சிங்களச் சொல் இருந்த இடத்தில் ‘தண்ணி’ இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் இருந்த பெர்னாண்டோவை எடுத்துவிட்டீர்கள். பிறந்த ஊர் நீர்கொழும்பு என்று எழுதித் தந்தேன். அது முல்லைத்தீவு ஆகியிருக்கிறது. என்னைப் பற்றிய குறிப்பில் நான் எழுதாத ஒரு வாக்கியமும் சேர்ந்திருக்கிறது: ‘பரம்பரை வன்னிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்.’

சனிக்கிழமை காலை உங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர். சேர் என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன். “பிள்ளை, கோவிக்காதை. கொம்மா எங்களுக்கும் தெரிஞ்ச மனிசி. ஆனா இந்த மலர் வெளிநாட்டுக்கும் போகுது. முள்ளிவாய்க்கால்ல சிங்களச்சியும் செத்தவ எண்டு ஒரு வரி இருந்தா, அதைப் பிடிச்சுக்கொண்டு ஆர் என்ன கதைப்பாங்கள் எண்டு யோசிச்சுப் பார்” என்றார். பிறகு, “ஒரு சொல்லுத்தானே” என்றும் சொன்னார்.

சேரின் குரலில் அக்கறை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், முல்லைத்தீவுப் பக்கத்து எங்கள் கடல் அடங்கும். அதனால் சித்திரை கழிய நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் எங்கள் கரையில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வந்து வாடி என்ற தற்காலிகக் குடில்கள் போடுவார்கள். வாடைக்காற்று பிறக்கத் திரும்பிப் போவார்கள். இது உங்களில் வயது போனவர்கள் கண்ணால் கண்டது. அப்பா அந்த வாடிகளிலிருந்து கருவாடு ஏற்றிய லொறியின் ஓட்டுநர். அம்மா தன் தகப்பனுக்குச் சமைத்துக் கொடுக்க என்று 1973இல் நாயாற்றுக்கு வந்தவர். அப்போது அவருக்கு 20 வயது. அடுத்த வருஷம் சோளகம் முடிந்து வாடிகள் கழன்றபோது அவர் அப்பாவின் லொறியில் எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்கு வந்து இறங்கினார்.

அப்பாச்சி மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. அப்புறம் அவரே தமிழ் படிப்பித்தார். உரலில் மா இடிக்கும்போது, நெல் புடைக்கும்போது, ஆட்டுக்குக் குழை கட்டும்போது ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அதனால் அம்மாவின் தமிழ் புத்தகத் தமிழாகவும் இருக்கவில்லை, கொழும்புத் தமிழாகவும் இருக்கவில்லை. முள்ளியவளைக் கிழவி ஒருத்தியின் தமிழ் அது. நான் கவிதையில் எழுதும் ‘குழை’, ‘வளவு’, ‘அரிவி வெட்டு’ எல்லாம் அப்பாச்சியிடமிருந்து அம்மாவின் வாய்வழியாக எனக்கு வந்தவை. என் கவிதையில் வன்னி மணக்கிறது என்று மலரின் முன்னுரையில் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த மணம் எனக்கு வந்த வழி இதுதான்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எனக்கு மூன்று நான்கு வயதாக இருந்தபோது “தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடு” என்று அம்மா சொன்னால் நான் ஓடிப் போய் அப்பப்பாவைக் கையில் பிடித்து இழுத்து வருவேன். அவர் மறுக்காமல் இரண்டாம் தரமும் கோப்பைக்கு முன்னால் உட்காருவார். அம்மா என்ற சொல்லும் அக்கா என்ற சொல்லும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். தண்ணீருக்குத்தான் வேறு சொல்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அப்பாச்சி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவார். கடல்நீரை எடுத்து வந்து காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பதை அம்மா முதல் தரம் கண்ட அன்று இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லையாம். அவர் மாதா கோயில்காரி. ஆனாலும் அவருடைய ஊரில் அயலவர்கள் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிற அதே கண்ணகிதான் இங்கே இருக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. “எங்கட மாதாவும் பிள்ளையைப் பறிகுடுத்தவ, உங்கட அம்மாவும் புருசனைப் பறிகுடுத்தவ” என்று அப்பாச்சியிடம் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அப்பாச்சி அவரை வேற்று ஆளாக நடத்தவே இல்லை.

1984 டிசம்பர் 1ஆம் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடிகளில் இருந்த சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரும் அவர்களில் இருந்தார். அதே மாதம் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். துரத்தப்பட்ட குடும்பம் ஒன்று எங்கள் விறாந்தையில் பல மாதம் இருந்தது. அந்தக் குடும்பத்துக் கைக்குழந்தைக்கு அம்மா பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டே தன் அண்ணனுக்காக அழுதார். அந்தக் குழந்தையின் தாயும் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். எனக்கு எட்டு வயது. இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக அழுகிறார்கள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது அடுத்த வளவுக் குடும்பமும் போனது. வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் தன் கோழிகளை எங்கள் கூட்டில் விட்டுவிட்டுப் புத்தளம் பக்கம் போனாள். அன்றிரவு அம்மா தன் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி, ஒரு மில்க்மா பேணிக்குள் வைத்து, மாமரத்தடியில் புதைத்தார். “அடுத்தது நான்” என்று அவர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிங்களம் சத்தமாக ஒலித்ததில்லை. தம்பியைத் தூங்கவைக்கும்போது மட்டும் ‘தொயி தொயி’ என்று காதுக்குள் சொல்வார்.

இதில் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அம்மாவை இந்த ஊரில் ஒருவரும் தொடவில்லை. 1984இலும் தொடவில்லை, 1990இலும் தொடவில்லை. “அது எங்கட மனிசி” என்று சொல்லி வாசலில் நின்றவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ‘சிங்களத்தியின்ரை பெட்டை’ என்று என்னைக் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பொல்லாத காலத்தில் அயல் சனம் கைவிடவில்லை. அம்மாவின் பெயரை நீங்கள் திருத்தினால் அந்தச் சனத்தின் அந்தச் செயலும் மலரிலிருந்து போய்விடும். வன்னி மக்களின் மேன்மையைச் சொல்லும் மலர் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மேன்மையை நான் கண்ட இடம் அந்த வாசல்.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தது. அந்த ஆவணியில் மடுத் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்தும் சனம் திரண்டு வந்தது. 18 வருஷத்துக்குப் பிறகு அம்மா தன் தாயை அங்கேதான் கண்டார். இரவு மரத்தடியில் பாய் விரித்துச் செபமாலை சொன்னோம். மாமாக்களின் பிள்ளைகள் சிங்களத்தில் சொன்னார்கள். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு, “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கோயில்களிலேயே வழக்கொழிந்துபோன பழைய தமிழ் அது. நாங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று மாறிப் பல வருஷமாகிவிட்டது. “அம்மாக்குச் செபம் மட்டும் தமிழ்தான், அவவின்ரை தாய் பழக்கினது” என்றார் அம்மா, அதில் புதினம் ஒன்றும் இல்லாததுபோல.

பிறகுதான் விசாரித்தேன். நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரைக்கும் அந்தக் கரையோர மீனவர்களில் நிறையப் பேர் சில தலைமுறைகளுக்கு முன் தமிழ் பேசியவர்கள். பள்ளிக்கூடங்களில் தமிழ் நின்று சிங்களம் வந்தது. பிள்ளைகள் சிங்களத்தில் படித்தார்கள், சிங்களவர் ஆனார்கள். நீர்கொழும்பில் சில மீனவக் குடும்பங்களுக்குள் இன்றைக்கும் தமிழ் புழங்குகிறது. நீங்கள் எடுத்துவிட்ட பெர்னாண்டோ என்ற பெயரும் போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது. மன்னாரிலும் தூத்துக்குடியிலும் அந்தப் பெயரோடு தமிழர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ‘இனம்’ என்ற இடத்தில் சிங்களவர் என்று இருக்கிறது. அந்தச் சிங்களப் பெண்ணின் தாய் தமிழில் செபித்தார். அவர் வயிற்றுப் பேத்தி தமிழில் கவிதை எழுதுகிறேன். என்னைக் கலப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கலக்காதவர் யார் என்று மட்டும் கேட்பேன்.

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை. முள்ளிவாய்க்காலில் முந்தின நாளிலிருந்து செல்லடி ஓயவில்லை. உங்களில் பலர் அங்கே இருந்தவர்கள், அதை நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் பங்கருக்கு மேல் அடுக்கியிருந்த மண்மூடைகள் அப்பாச்சியின் சேலைகளைக் கிழித்துத் தைத்தவை. ஊதா நிறத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று. கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் அம்மா கஞ்சிக்கு நெருப்பு மூட்டப் போனார். விழுந்தது. வயிற்றில் காயம். அப்பா ஏற்கெனவே மாத்தளனில் போய்விட்டார். தம்பியும் நானும் அவரை உள்ளே இழுத்து எடுத்தோம். அவர் என் முகத்தைப் பார்த்து “வதுர” என்றார்.

தம்பிக்கு அந்தச் சொல் தெரியும். ஆனாலும் அத்தனை வருஷம் அந்த மொழியை வாய்விட்டுக் கேட்காததால் அவன் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டான். நானும்தான். பக்கத்துப் பங்கரிலிருந்து, அதுவரை நாங்கள் பேசியிராத ஒரு வயதான அம்மா, “தண்ணி கேக்குறாங்க, குடு புள்ள” என்று சொல்லிக்கொண்டே மணற்கிணற்றை நோக்கித் தவழ்ந்தார். ரின்மீன் பேணி ஒன்றில் அரைவாசிக்குத் தண்ணி கொண்டு வந்தார். உவர்த் தண்ணி. பேணியின் சிவப்புத் தாள் பாதி உரிந்திருந்தது. அம்மா இரண்டு மிடறு குடித்தார். பின்னேரத்துக்கு முதல் உயிர் போய்விட்டது. பங்கர் ஓரத்திலேயே தாட்டோம்.

அந்த வயதான அம்மாவைப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கண்டேன். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தில் அடிபட்டு வந்து முத்தையன்கட்டுப் பக்கம் குடியேறியவர். தோட்டத்தில் கேட்டுப் பழகிய சிங்களம் அது. என் அம்மாவின் கடைசிச் சொல் அந்தப் பங்கர் வரிசையில் உடனே விளங்கியது அவர் ஒருவருக்குத்தான். அவருடைய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இன்றைக்கும் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. அவர் கணவரும் அங்கேதான் இறந்தார். உங்கள் பட்டியலில் தேடினேன். பெயர் இருக்கிறது. பிறந்த ஊர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது.

முகாமில் எனக்குச் சிங்களம் தெரியும் என்று ஆமிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணி பவுசர் வரிசையில் நான் ஒரு சொல் பேசியதுதான் காரணம். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் சந்தேகம். எங்கே பயிற்சி எடுத்தாய் என்று அவர்கள் கேட்டார்கள். இவளோடு கவனமாகக் கதையுங்கள் என்று எங்கள் சனம் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. பிள்ளையைத் தேடும் தாய்மார் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடிப்பார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்வார்கள். மகனை எந்தப் பஸ்ஸில் ஏற்றினீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் அம்மாவின் மொழியில் கேட்பேன். வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: தெரியாது. அதைத் தமிழில் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும். ‘தன்னே நே’ என்ற இரண்டு சொல்லை எத்தனை விதமாகத் தமிழில் சொல்லலாம் என்று நான் தேடத் தொடங்கியது அங்கேதான். பிஸ்கட் பெட்டி மட்டையின் உள்பக்கத்தில் எழுதத் தொடங்கியதும் அங்கேதான். எனக்குக் கவிதை வந்தது இரண்டு மொழிக்கும் நடுவில் நின்ற அந்த வேலி ஓரத்தில்.

மரணச் சான்றிதழ் எடுக்கப் போனபோது ஒரு அலுவலகத்தில் பத்திரங்களைப் பார்த்தவர், “சிங்களவர் என்றால் அங்கே எப்படி இருந்தார்?” என்று கேட்டார். பிறகு பிறப்புச் சான்றிதழ் உண்மையானதா என்று பார்க்க ஆறு வாரம் வைத்திருந்தார். 2008இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பா மாமரத்தடியைத் தோண்டி எடுத்து வந்த அதே தாள். மடிப்பில் துரு ஏறியிருந்தது. அங்கே இருந்திருக்க முடியாது என்றார் அந்த அதிகாரி. அங்கே இருந்ததாகச் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள் நீங்கள். நீங்கள் அவரைப் போன்றவர்கள் என்று நான் சொல்லவில்லை, மனமார அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அம்மா இல்லாமல் போகிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு முதல் இந்தத் திருத்தத்தைச் செய்தவள் நான்தான். என் முதல் தொகுப்பில் ‘அன்னை’ என்று ஒருத்தி வருவாள். ஊர் இல்லை, பேச்சு இல்லை. எவருடைய அம்மாவாகவும் இருக்கலாம். எல்லோரும் பாராட்டினார்கள். ‘மணற்கிணறு’ கவிதையை முதலில் எழுதியபோதும் ‘தண்ணி’ என்றுதான் எழுதினேன். பத்து வருஷத்துக்கு மேல் அது அப்படியே கொப்பியில் கிடந்தது. ஓசை சரி, வரி சரி, வாசித்தால் மட்டும் எனக்கு உள்ளே ஒன்றும் நடக்காது. ஒருநாள் இரவு ‘தண்ணி’யை வெட்டி ‘வதுர’ என்று எழுதினேன். எழுதிய உடனே பேணியின் சிவப்புத் தாள் ஞாபகம் வந்தது, சேலையின் ஊதா ஞாபகம் வந்தது, தவழ்ந்து போன அந்த அம்மாவின் குதிகால் ஞாபகம் வந்தது. அதுவரை இவை ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இருக்கவில்லை. ‘தண்ணி’ என்ற பொய் அவற்றை மூடி வைத்திருந்தது. அந்தச் சொல்லைத் தொடாதீர்கள் என்று நான் கேட்பது கவிஞரின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அம்மாவைப் பற்றிய என் ஞாபகம் முழுக்க அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இனி சேர் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண் வெறும் வாயிலிருந்து வந்ததில்லை. 2008 அக்டோபர் தொடக்கத்தில் மாவட்டச் செயலகமான கச்சேரியின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரசின் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். அந்த 429,059 பேரில் அம்மாவும் ஒருவர். கிராம சேவையாளரின் இடாப்பில் நீர்கொழும்பு என்றே பதிந்திருந்தது. நம்முடைய பலம் அந்த இடாப்புகள்தான். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்ததுதான் நம்மிடம் இருக்கும் சாட்சி. நாளைக்கு ஒருவர் உங்கள் மலரை எடுத்து அம்மாவின் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பெயரை மாற்றியிருக்கிறார்கள், ஊரை மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால், பட்டியலில் இருக்கும் மற்றப் பெயர்களை அவர் நம்புவாரா? பட்டியல் முழுவதற்கும் பழுது வந்துவிடும். ஒரு சிங்களப் பெண்ணும் அந்தச் செல்லில் செத்தார் என்பது நம்முடைய சாட்சியத்தைக் குறைக்காது. செல் யார்மேல் விழுகிறது என்று பார்த்து அடிக்கப்படவில்லை, அந்த மணலில் இருந்த எல்லோர்மேலும் அடிக்கப்பட்டது என்பதற்கு அவர் சாட்சி.

மலரின் அட்டையில் கற்சிலைமடுக் கல்லின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். 1803இல் வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் கல். வென்றவரின் பெயரும் அதில்தான் இருக்கிறது. நம்முடைய வீரரின் கதையை வென்றவர்களின் மொழியில் சொல்லும் கல் என்று நாம் அதை ஒளித்து வைக்கவில்லை. படம் எடுக்கிறோம், பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறோம், பக்கத்தில் நின்று நம்முடைய கதையை நாம் சொல்கிறோம். அட்டையில் அந்தக் கல்லுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு 41ஆம் பக்கத்தில் மூன்று எழுத்துக்கு இடம் கொடுக்க முடியும்.

இந்த மண் எப்போதும் வந்து சேர்ந்தவர்களின் மண்தான். இரணைமடுத் தண்ணியை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமையையும் பிறகு வீட்டையும் இழந்த அந்தச் சனம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியது. தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வாடிக்காரர் சோளகத்தோடு வந்தார்கள். உங்கள் மலரில் இவர்கள் எல்லோரும் ‘வன்னி மக்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போயிருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குள் போகும்போது ஒவ்வொருவரும் வந்த வழியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும் என்றால், அதற்குள் என் அம்மாவால் வர முடியாது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

‘மணற்கிணறு’ கவிதையில் ‘முப்பத்தைந்து வருஷம் தமிழில் தாகித்தவள்’ என்ற வரியையும் ‘வதுர’ என்ற சொல்லையும் நான் தந்தபடியே போடுங்கள். அடிக்குறிப்பு போட விரும்பினால், சிங்களத்தில் தண்ணீர் என்று மட்டும் போடுங்கள். அதற்குமேல் விளக்கமோ சமாதானமோ வேண்டாம்.

பெயர்ப்பட்டியலில் அம்மாவின் பெயர் பெர்னாண்டோவோடு வர வேண்டும். பிறந்த ஊர் நீர்கொழும்பு, இறந்த இடம் முள்ளிவாய்க்கால் என்று இருக்க வேண்டும். சான்றிதழ்கள் இரண்டின் பிரதியையும் இந்த மடலோடு குழுவின் செயலாளரிடம் தருகிறேன். என்னைப் பற்றிய குறிப்பிலிருந்து ‘பரம்பரை’ வாக்கியத்தை எடுத்துவிட்டு, ‘தண்ணீரூற்றில் பிறந்தவர், தாய் நீர்கொழும்பைச் சேர்ந்தவர்’ என்று எழுதுங்கள்.

பட்டியலில் பிறந்த ஊர் வெறுமையாக விடப்பட்ட குடும்பங்களுக்கு ஆள் அனுப்பிக் கேளுங்கள். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே இறந்தவர்களின் ஊர்ப் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும். முத்தையன்கட்டுப் பக்கம் நானே வருகிறேன், மோட்டார் சைக்கிளும் என்னிடம் இருக்கிறது. 1990இல் போனவர்களைப் பற்றி மலரில் ஒரு பக்கமாவது வேண்டும். அதை அவர்களில் ஒருவரைக் கொண்டே எழுதுவியுங்கள். கோழிகளை விட்டுப் போனவள் இப்போது புத்தளத்தில் இருக்கிறாள். கேட்டால் எழுதித் தருவாள் என்று நினைக்கிறேன்.

இதில் எதுவும் முடியாது என்று நீங்கள் முடிவெடுத்தால், கவிதையை எடுத்துவிடுங்கள். அது என்னுடையது, எடுப்பதற்குச் சம்மதிக்க எனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவின் பெயரை எடுக்கச் சம்மதிக்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை. கவிதை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெயர் சரியான எழுத்துகளோடு பட்டியலில் இருக்க வேண்டும்.

மலர் அச்சுக்குப் போகுமுன் குழுவின் பதிலை எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம் சேர். குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும், பிறகு சரி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
41ஆம் பக்கத்துக் கவிதையை எழுதியவள்
தண்ணீரூற்று, முள்ளியவளை